பண்டிகைப் பரிசைப் பார்சலில் அனுப்ப: செலவும் குப்பையும் குறையும் வழிகள்

பரிசுப் பார்சலுக்குக் கட்டும் பணத்தில் பல சமயம் கணிசமான பங்கு, பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் காற்றுக்கே போய்விடுகிறது. கூரியர் நிறுவனங்களும் விமான வழிப் பார்சல் சேவைகளும் தராசு காட்டும் எடையோடு இன்னொரு கணக்கையும் போடுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். கிடைப்பது, கிலோ கணக்கில், பெட்டியின் கன அளவு எடை. தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வகுக்கும் எண் சில சேவைகளில் 4000 ஆகவோ 6000 ஆகவோ இருக்கும். பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

600 கிராம் எடையுள்ள ஒரு சால்வையை, கைக்குக் கிடைத்த 30 × 30 × 30 செ.மீ. பெட்டியில் வைத்தால் கணக்கு 5.4 கிலோ. அதே சால்வையை மடித்து அழுத்தி 25 × 20 × 6 செ.மீ. பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 0.6 கிலோ. பெட்டியையும் சேர்த்து நிறுத்தாலும் பார்சல் ஒரு கிலோவைத் தாண்டாது. சின்னப் பெட்டிக்குத் திணிப்புத் தாள் குறைவு, டேப் குறைவு, வண்டியில் அடைக்கும் இடமும் குறைவு. மக்கும் பை, பசுமை டேப் என்று தேடி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பெட்டியின் அளவைக் குறையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உடையும் பொருளுக்கு இந்தச் சிக்கனத்தை அளவு மீறிச் செய்யாதீர்கள். உடைந்துபோன பரிசைத் திரும்ப வாங்கி, திரும்பக் கட்டி, திரும்ப அனுப்பினால், மிச்சம் பிடித்த அட்டையையும் தாளையும் போலப் பல மடங்கு வீணாகிறது.

பழைய பெட்டியைச் சோதித்து எடுப்பது

வீட்டுக்கு வந்த பார்சல்களின் பெட்டிகள் பெரும்பாலும் இன்னொரு பயணத்தைத் தாங்கும். ஆனால் எல்லாப் பெட்டியும் தாங்காது. நெளி அட்டையின் வலு, இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஓடும் உள்தாளில் இருக்கிறது. அந்த நெளிவு நசுங்கிவிட்டால், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் பெட்டி வெறும் தடித்த காகிதம்தான். சுவரின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஒதுக்கிவிடுங்கள். மூலை கிழிந்தது, குறுக்கே மடிப்பு விழுந்தது, ஈரம் பட்டுக் காய்ந்து அலையலையாக நெளிந்தது ஆகியவற்றையும் எடுக்க வேண்டாம். அட்டை ஈரக் காற்றை உறிஞ்சும். மழைக்கால ஈரப்பதத்தில் ஒரு பெட்டியின் தாங்கும் திறன் பாதியாகக்கூடக் குறையும். குளியலறைச் சுவரை ஒட்டியோ வெறும் தரையிலோ அடுக்கி வைத்த பெட்டிகளை எடுத்தால், இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

மூன்றடுக்கு அட்டை என்பது ஒரு நெளிவும் இரு பக்கத் தாளும் கொண்டது. நான்கைந்து கிலோ வரையிலான துணி, புத்தகம், சிறு மரப்பொருள் போன்றவற்றுக்கு அது போதும். அதைவிடக் கனமானதற்கும் கண்ணாடி, பீங்கானுக்கும் ஐந்தடுக்கு அட்டை தேவை. பெட்டியை நிறுத்தும்போது சுவரின் நெளிவுகள் மேலிருந்து கீழாக, தூண்களைப் போல நிற்க வேண்டும். நெளிவு படுக்கையாக ஓடும்படி பெட்டியைச் சாய்த்து வைத்துக் கட்டினால், மேலே இன்னொரு பார்சல் ஏறியதும் சுவர் மடங்கிவிடும். பற்பசை, சோப்பு வரும் மெல்லிய அட்டைப்பெட்டிகளில் நெளிவே கிடையாது. உள்பெட்டியாக வைத்துக்கொள்ளலாம், வெளிப்பெட்டிக்கு ஆகாது.

பழைய லேபிளையும் பார்கோடையும் உரித்துவிடுங்கள், உரியாவிட்டால் கறுப்பு மார்க்கரால் முழுக்க அடித்துவிடுங்கள். பார்கோடில் ஒன்றிரண்டு கோடு போட்டால் போதாது. மீதியை ஸ்கேனர் படித்துவிட்டால் பார்சல் பழைய முகவரிக்கே கிளம்பிவிடும். பேட்டரி, மது, தீப்பற்றும் பொருள் ஆகியவற்றுக்கான எச்சரிக்கைக் குறிகள் இருந்தால், உள்ளே இருப்பது கைக்குட்டையாக இருந்தாலும் கவுண்டரில் எடுக்க மாட்டார்கள்.

வெளிப்பக்கம் முழுக்க அச்சடித்த பெட்டி என்றால் அதை உள்வெளியாகத் திருப்பிவிடலாம். ஒரு மூலையில் மட்டும் இரண்டு சுவர்களையும் இணைக்கும் பட்டை ஒட்டியிருக்கும். மழுங்கிய கத்தியை அதனுள் நுழைத்து, மேலிருந்து கீழாக மெல்லப் பிரியுங்கள். மேல்தாள் கொஞ்சம் கிழிந்தால் பரவாயில்லை. பெட்டியை விரித்து, எல்லா மடிப்பையும் எதிர்ப்பக்கம் மடித்து, பட்டையில் மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். துணி கிளிப் போட்டோ கனமான புத்தகத்தை வைத்தோ அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். அச்சு உள்ளே போய், வெளியே பழுப்பு அட்டை தெரியும். வெளிப்பெட்டிக்கு மேலே காகிதம் சுற்ற வேண்டிய அவசியமும் இல்லாமல் போகும். சுற்றிய காகிதம் வழியில் கிழிந்து, அதோடு முகவரியும் போகும் என்பதால் பல அஞ்சல் சேவைகளுக்கு அது பிடிப்பதில்லை.

உயரமான பெட்டியை வெட்டிக் குறைப்பது

சரியான அளவுப் பெட்டி கிடைக்காதபோது, நீளமும் அகலமும் பொருந்துகிற உயரமான பெட்டியை எடுத்து வெட்டிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. 30 × 20 × 25 செ.மீ. பெட்டியில் 15 செ.மீ. உயரத்துக்குத்தான் பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. அடிப்பக்கத்தை ஒட்டி, பொருளையும் திணிப்பையும் உள்ளே வையுங்கள். திணிப்பின் மேல்மட்டத்தை உட்சுவரில் பென்சிலால் குறியுங்கள். பொருளை வெளியே எடுத்துவிடுங்கள்.

2. நான்கு சுவர்களிலும் அந்த உயரத்தில் ஸ்கேல் வைத்து உட்பக்கமாகக் கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஸ்பூனின் கைப்பிடி முனையை அழுத்தி இரண்டு முறை இழுங்கள். அட்டை வெட்டுப்படக் கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். கட்டரால் கீறினால் அந்த இடம் மடிப்பாகாது, கிழிசலாகிவிடும்.

3. நான்கு மூலைகளிலும் மேலிருந்து கோடு வரை நேராக வெட்டுங்கள். கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலேயே கத்தியை நிறுத்திக்கொள்வது நல்லது. கோட்டைத் தாண்டி வெட்டினால் மூலையில் ஓட்டை விழுந்து, அங்கே டேப்பை அள்ளி ஒட்ட வேண்டி வரும்.

4. இப்போது நான்கு புதிய மடல்கள் கிடைத்திருக்கும். நீளப் பக்க மடல் இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டுமானால், ஒவ்வொன்றும் பெட்டியின் அகலத்தில் பாதி, அதாவது 10 செ.மீ. இருக்க வேண்டும். வெட்டிய சுவர் 10 செ.மீ.; அதன் மேல் பழைய மடல் ஒரு 10 செ.மீ. ஆகவே பழைய மடலை வெட்டி எடுத்துவிட்டால் அளவு சரியாக வந்துவிடும். குறுகிய பக்க மடல்களையும் அதே அளவுக்கு வெட்டுங்கள்.

5. மடித்துப் பாருங்கள். மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையுங்கள்.

15,000 கன சென்டிமீட்டர் 9000 ஆகிவிட்டது. 5000-ஆல் வகுத்தால் 3 கிலோவாக இருந்தது 1.8 கிலோ. வெட்டி எடுத்த நான்கு துண்டுகளையும் போட்டுவிடாதீர்கள். பக்கத் தடுப்பு, அடிப்பலகை, திணிப்பு எல்லாவற்றுக்கும் அவை ஆகும்.

திணிப்புக்கு என்ன போடலாம்

பரிசில் துணி ஒன்று இருந்தால் அதையே மெத்தையாக்குங்கள். துண்டு, பனியன், போர்வை எதிலாவது கண்ணாடிக் குவளையைச் சுற்றிவிட்டால் தனியாகத் திணிப்பு வாங்க வேண்டாம். குவளை தப்பித்தவறி உடைந்தால் சில்லு துணிக்குள் புகும் என்பதால், முதலில் குவளையை ஒரு தாளில் சுற்றிவிட்டுத் துணியில் வையுங்கள்.

துணி இல்லாத இடத்தில் கசக்கிய தாள்தான் மலிவு. ஆனால் பலரும் தாளைக் கல் உருண்டை போல இறுக்கிக் கசக்குகிறார்கள். அது அதிர்ச்சியைத் தாங்காது, பொருளுக்கு அப்படியே கடத்திவிடும். முழுத்தாளின் நடுவைப் பிடித்துத் தூக்கி, ஓரங்களை உள்ளே சொருகி, தளர்வான பந்தாக்குங்கள். உள்ளங்கையால் அமுக்கி விட்டால் பாதியளவாவது மீண்டு எழ வேண்டும். எழாவிட்டால் பிரித்து மறுபடி கசக்குங்கள். நாளிதழ் மை வெளிர்த் துணியிலும் மரத்திலும் ஒட்டும். பொருளை ஒட்டிய முதல் சுற்றுக்கு அச்சில்லாத தாள் இருக்கட்டும்.

தாளுக்கு எடை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். நான்கு பக்கம் கொண்ட ஒரு பெரிய நாளிதழ்த் தாள் 15 முதல் 20 கிராம் வரும். பத்துப் பதினைந்து தாள் திணித்தால் கால் கிலோ கூடிவிடும். வீட்டில் ஏற்கெனவே வந்து கிடக்கும் பபிள் ரேப்பும் காற்றுப் பைகளும் தாளைவிட எத்தனையோ லேசு. பிளாஸ்டிக் என்பதற்காக அவற்றை எறிந்துவிட்டுப் புதுத் தாள் வாங்குவது சரியல்ல. இருக்கிற பிளாஸ்டிக்கை நைந்துபோகும் வரை சுழற்றுங்கள், புதிதாக மட்டும் வாங்காதீர்கள். குமிழ்களில் கால்வாசிக்கு மேல் உடைந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

அலுவலக இயந்திரம் துண்டு துண்டாக வெட்டித் தரும் தாளை அப்படியே கொட்டினால், வண்டி குலுங்கக் குலுங்க அது அடியில் படிந்து பொருள் ஒரு பக்கம் போய்விடும். திறப்பவர் வீடெல்லாம் குப்பை வேறு. பழைய காகித உறைகளில் அதை நிரப்பி ஒட்டினால் நல்ல தலையணை கிடைக்கும். நீளவாட்டில் வெட்டிய இழைத்தாள் இதற்கு ஏற்றது. பொடித்துண்டுகள் விரைவில் தூசியாகும்.

முட்டை அட்டையை வெட்டிப் பொருளின் நான்கு பக்கமும் வைக்கலாம். மேடும் பள்ளமும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நெளி அட்டையை 4 செ.மீ. பட்டைகளாக வெட்டி விசிறி போல மடித்தால் மூலைகளுக்கு ஏற்ற ஸ்பிரிங் ஆகும். ஸ்டார்ச்சில் செய்த திணிப்பு உருண்டைகளும் வருகின்றன. தெர்மாகோல் போலவே தெரியும். ஒன்றை நீரில் போட்டால் கரைந்துவிடும், அதுதான் அடையாளம். தண்ணீர் படும் வழியில் போகும் பார்சலுக்கு அவற்றை நம்ப வேண்டாம். பொரித்த சோளப்பொரியைத் திணிப்பாக்கும் யோசனை ஒன்று சுற்றி வருகிறது. எறும்பும் எலியும் தேடி வரும், வேண்டவே வேண்டாம். வைக்கோல், காய்ந்த இலை, மரத்தூள் உள்ளூருக்கு மட்டும் சரி. நாடு தாண்டினால் பூச்சி, விதை பரவும் என்று தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளின்படி பார்சலையே நிறுத்திவிடுவார்கள். பச்சை மரத்தில் அடித்த பெட்டிக்கும் இதே சிக்கல்தான். 6 மி.மீ.க்கு மேல் தடித்த மரமாக இருந்தால், உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு மரப்பெட்டி விதியின் முத்திரை வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.

உடையும் பொருள்

பீங்கான் குவளை வழியில் உடைவது பெரும்பாலும் கைப்பிடியில்தான். முதலில் குவளையின் உள்ளே தளர்வாகக் கசக்கிய தாளை நிரப்புங்கள். அடுத்து, ஒரு தாளைக் கயிறாக முறுக்கி, கைப்பிடிக்கும் குவளைக்கும் நடுவிலுள்ள ஓட்டையை அடையுங்கள்; இன்னொன்றைக் கைப்பிடிக்கு வெளியே வளைத்துச் சுற்றுங்கள். கைப்பிடியின் மேடு மறைந்து குவளை ஏறக்குறைய உருளையாகும் வரை இதைச் செய்யுங்கள். பிறகு முழுக் குவளையையும் மூன்று நான்கு சுற்றுத் தாளில் உருட்டுங்கள். இப்படிச் சுற்றிய குவளை பெட்டியின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. ஆறு பக்கமும் 5 செ.மீ. திணிப்பு இருக்க வேண்டும். அடியில் போட்ட திணிப்பு பொருளின் கனத்தில் அமுங்கும் என்பதால், அங்கே ஒரு கை கூடுதலாகப் போடுங்கள்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள்; விளிம்பில் நிற்க வையுங்கள். படுத்த தட்டின் நடுவில் அடி விழுந்தால் விரிசல் விடும். நிற்கும் தட்டின் விளிம்பு அதைவிட நன்றாகத் தாங்கும். தட்டுக்குத் தட்டு நடுவே ஒரு நெளி அட்டை கட்டாயம்.

புகைப்படச் சட்டத்தில் கண்ணாடி இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அனுப்பி, அங்கேயே மாட்டிக்கொள்ளச் சொல்வதே நல்லது. முடியாவிட்டால், கண்ணாடி மேல் மூலைக்கு மூலை காகித டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டி, அதன் மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். உடைவதை டேப் தடுக்காது. உடைந்தாலும் சில்லு சிதறிப் படத்தைக் கீறாமல் பிடித்துக்கொள்ளும்.

மிக மெல்லிய கண்ணாடிக்கு இரட்டைப் பெட்டி வேண்டும். பொருள் ஒரு சின்னப் பெட்டியில், அந்தப் பெட்டி 5 செ.மீ. இடைவெளி விட்டுப் பெரிய பெட்டியில். கன அளவு கூடும்தான். இந்த ஒரு வகைக்கு அந்தச் செலவைக் குறைக்கப் பார்க்க வேண்டாம்.

மூடிய பின் சோதியுங்கள். காதருகே வைத்து நான்கு பக்கமும் குலுக்கும்போது உள்ளே அசைவு கேட்டால் இடைவெளி மிச்சம் இருக்கிறது. மேல்மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் லேசாக எதிர்த்துத் தள்ள வேண்டும். குழிந்தால் திணிப்பு குறைவு. கூரை போல வீங்கி நின்றால் அதிகம். வீங்கிய பெட்டி மேல் இன்னொன்று நிற்காது, டேப்பும் பிரியும். இதே அளவு, இதே எடையில் உடையாத எதையாவது வைத்துக் கட்டி, மேசை உயரத்திலிருந்து, சுமார் 75 செ.மீ., ஒரு முறை பக்கத்திலும் ஒரு முறை மூலையிலும் விழவிட்டுப் பாருங்கள். மூலை விழுதல்தான் கடுமையானது. பிரித்துப் பார்க்கும்போது பொருள் வைத்த இடத்திலேயே இருந்தால் கட்டு சரி.

டேப்பும் பசையும்

அட்டைப்பெட்டி மறுசுழற்சிக்குப் போகும்போது தொந்தரவு தருவது பிளாஸ்டிக் டேப். கூழாக்கும் தொட்டியில் அதைத் தனியே அரித்து எடுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பில் ஸ்டார்ச் பசை இருப்பதால், அது அட்டையோடு சேர்ந்தே கரையும். வாங்கும்போது சுருளின் உட்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வறட்டுத் தாளாக, பளபளப்பாக இருந்தால் நீர் டேப். கையில் பிசுபிசுத்தால் அது தானாக ஒட்டும் வகை. அதன் பசை பெரும்பாலும் செயற்கை.

நீர் டேப் ஒட்டாமல் போவதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர்தான். தேங்கும் அளவுக்கு நனைத்தால் பசை வழிந்து போய்விடும். குறைவாகத் தொட்டால் பசை முழிக்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சின் மேல் டேப்பை ஒரே இழுப்பாக இழுங்கள். சில வினாடி பொறுத்து ஒட்டி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். பழைய பிளாஸ்டிக் டேப் மேலேயோ, பளபளப்பான அச்சு மேலேயோ, தூசியிலோ அது பிடிக்காது. அட்டையின் நாருக்குள் பசை இறங்கினால்தான் பிடிப்பு வரும்.

வாங்காமலேயும் செய்யலாம். பழைய பழுப்புக் காகிதப் பையை 6 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, 200 மி.லி. தண்ணீர் சேர்த்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவிடுங்கள். மெல்லிசாகப் பூசி ஒட்டி, ஓர் இரவு காயவிட வேண்டும். கெட்டியாகப் பூசினால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும், பூச்சியும் வரும். இரண்டு கிலோவுக்குள் இருக்கும் உள்ளூர்ப் பார்சலுக்கு இது போதும். கனமானதற்கும் கடல் தாண்டிப் போவதற்கும் கடை டேப்பையே போடுங்கள்.

எந்த டேப் ஆனாலும் ஒட்டும் முறை ஒன்றுதான். மேலும் கீழும், நடுத் தையல் நெடுக ஒரு பட்டை. இரண்டு ஓர விளிம்புகளில் ஒவ்வொரு பட்டை. ஒவ்வொரு முனையும் பக்கச் சுவரில் 5 முதல் 7 செ.மீ. இறங்க வேண்டும். இந்த ஆறு பட்டைக்கு மேல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஒட்டுவது வீண். சணல் கயிற்றால் வெளிப்பெட்டியைக் கட்டுவதும் வேண்டாம். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இயந்திரங்களின் பட்டையில் கயிறு சிக்கினால் பார்சல் கிழியும். சணலைப் பரிசுக்கு உள்ளே கட்டி அழகு பாருங்கள்.

முகவரி, மழை

ஜெல் பேனா வேண்டாம். ஒரு துளி நீரில் முகவரி கரையலாம். பால்பாயின்ட் பேனாவோ அழியாத மார்க்கரோ போதும். எழுதிய இடத்தின் மேல் வெள்ளை மெழுகுவத்தியை இரண்டு மூன்று முறை தேய்த்துவிட்டால் நீர் முத்தாக உருண்டு ஓடும். பிளாஸ்டிக் டேப் ஒட்டும் வேலை மிச்சம். மெழுகையும் டேப்பையும் பார்கோடு மேல் மட்டும் போடக் கூடாது. பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும். பெட்டிக்கு உள்ளே, எல்லாவற்றுக்கும் மேலாக, இரு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டு வையுங்கள். வெளி லேபிள் கிழிந்துபோன பார்சலுக்கு அதுதான் துணை. வெளியிலும் பெறுபவரின் தொலைபேசி எண் இருக்கட்டும். ஆள் இல்லாமல் வண்டி திரும்பிப் போய் மறுநாள் வருவது இரட்டை எரிபொருள்.

மழைக்காலமானால், துணி, புத்தகம் எதையும் பழைய பிளாஸ்டிக் பை ஒன்றில் இட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். 'மக்கும்' என்று அச்சிட்ட புது அஞ்சல் பைகளை வாங்கும் முன் எங்கே மக்கும் என்று பாருங்கள். அவற்றில் பல, 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நிற்கும் தொழிற்சாலை உரக்கிடங்கில் மட்டும் மக்கும். வீட்டுத் தோட்டத்தில் அப்படியே கிடக்கும். சாதாரண பிளாஸ்டிக்கில் வேதிப்பொருள் கலந்து, பொடியாக உதிரும்படி செய்த 'ஆக்ஸோ' பைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடை செய்தது. அவை மறைவதில்லை, நுண்துகளாகத் தங்கிவிடுகின்றன.

பரிசைச் சுற்றும் காகிதம்

ஜிகினாவும் உலோகப் பூச்சும் உள்ள காகிதம் மறுசுழற்சிக்கு ஆகாது. கையில் கசக்கிவிட்டுப் பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் காகிதம், தானே விரிந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. பழைய வரைபடம், நாட்காட்டித் தாள், குழந்தை வரைந்த படம், பின்பக்கம் வெள்ளையான எந்தத் தாளும் அழகாகச் சுற்றும். சதுரத் துணியில் சுற்றி எதிரெதிர் முனைகளை முடிச்சுப் போட்டால், அந்தத் துணியே இரண்டாவது பரிசு. துணியின் மூலைவிட்டம் பொருளின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் சுற்ற எளிது. மேலே பெரிய பூ முடிச்சு வேண்டாம். வழியில் தட்டையாகிவிடும், அதைக் காப்பாற்றுவதற்கென்றே பெட்டி உயரமாகும்.

வெளிநாடு போகும் பரிசைச் சுங்கத்தில் திறந்து பார்க்கலாம் என்பதால், கிழித்தால்தான் திறக்கும்படி ஒட்டாமல், அவிழ்த்துக் கட்டும்படி சுற்றுங்கள்.

தட்டைப் பரிசுகளும் புத்தகமும்

அஞ்சலில் மலிவு என்றால் தடிமன் குறைந்த உறைதான். பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் உறைக்கு ஒரு தடிமன் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பார்சல் கட்டணம். எனவே பரிசைத் தேர்ந்தெடுக்கும்போதே தட்டையாகப் போகுமா என்று யோசிக்கலாம். தோடு, சங்கிலி போன்றவற்றை இரண்டு அட்டைகளுக்கு நடுவே தாள் டேப்பால் ஒட்டி அனுப்புங்கள். ஓர் அட்டையின் நெளிவு நீளவாட்டிலும் மற்றதன் நெளிவு குறுக்கிலும் ஓட வேண்டும். ஒரே திசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மடங்கும். வாழ்த்து அட்டைக்குச் சதுர உறையைவிடச் செவ்வக உறை நல்லது. சதுர உறையைச் சில நாடுகளில் இயந்திரம் எடுக்காது, கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பாட்டுப் பாடும் அட்டைக்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது; குப்பையில் அது தனிச் சிக்கல்.

புத்தகத்துக்குப் பல நாட்டு அஞ்சல் துறைகளில் அச்சிட்ட தாள்களுக்கான தனிச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. உள்ளே கடிதம் வைத்தால் சலுகை போய்விடும். முதல் பக்கத்தில் இரண்டு வரி வாழ்த்து எழுதலாமா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் அடிபடுவது மூலைகளில். அட்டையை இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் நீட்டி வெட்டிச் சுற்றினால் அடியை அட்டை வாங்கிக்கொள்ளும்.

திரவம், பேட்டரி

விமானத்தின் சரக்கறையில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கும். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை மூடி வழியே தள்ளும். எண்ணெய், லோஷன் போன்றவற்றின் பிளாஸ்டிக் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். மூடியைச் சுற்றி டேப், அதன் மேல் பை, பைக்குள் பழைய துணித் துண்டு. வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்பிரே டின் ஆகியவை தீப்பற்றும் வகை என்பதால் விமான அஞ்சலில் பெரும்பாலும் போகாது. பவர் பேங்க் தனி லித்தியம் பேட்டரியாகவே கணக்கில் வரும். அதையும் பன்னாட்டு அஞ்சலில் எடுக்க மாட்டார்கள். பொம்மையிலோ கருவியிலோ பொருத்திய பேட்டரி பற்றி முன்கூட்டியே கேளுங்கள். கண்டுபிடித்தால் பொருளை அழித்துவிடும் நாடுகளும் உண்டு.

சுங்கப் படிவம்

'பரிசு' என்று மட்டும் எழுதினால் பார்சல் நிற்கும். 'பருத்திச் சட்டை, ஆண்களுக்கு, 1' என்று பொருள், எண்ணிக்கை, எடை, மதிப்பு நான்கையும் எழுதுங்கள். சிறு பொட்டலங்களுக்குச் சி.என். 22 படிவம், மதிப்பு 300 எஸ்.டி.ஆர்.-ஐத் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தாண்டினால் சி.என். 23. ஒரே வீட்டில் உள்ள பலருக்கு ஒரே பெட்டியில் அனுப்பினால், ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் பொருளையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு பார்சல் அனுப்புவதைவிட இப்படிச் சேர்த்து அனுப்புவது மலிவு, ஏனெனில் முதல் எடைப் படிதான் எப்போதும் விலை கூடியது. எடை போடும்போது படியின் வரம்புக்கு 20 கிராமாவது கீழே இருக்கட்டும். டேப்பும் லேபிளும் ஏறிய பிறகு அது சரியாகிவிடும்.

எப்போது அனுப்புவது

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல விமானம் வெளியிடும் கரியமில வாயு, கப்பல் வெளியிடுவதைப் போலப் பல பத்து மடங்கு. காகித டேப்பும் பழைய பெட்டியுமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு, கடைசி வாரத்தில் அவசர விமானக் கூரியரில் போட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். உள்நாட்டில் தரைவழிச் சேவையும், வெளிநாட்டுக்குக் கப்பல் அல்லது தரைவழி அஞ்சலும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தரைவழிக்கு மாதக் கணக்கில் ஆகலாம். எனவே பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே பரிசை முடிவு செய்தவர்களுக்குத்தான் இது கைகூடும். உள்நாட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டால் போதும். கடைசி வாரத்தில் மூட்டைகள் மலையாகக் குவியும்போது அடிபடும் பார்சல்களும் கூடும்.

பெட்டியின் உள்மடலில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: டேப் காகிதம், அப்படியே மறுசுழற்சிக்குப் போடலாம், பெட்டி இன்னும் ஒரு பயணம் தாங்கும், பக்கங்களை வெட்டாமல் மேல் டேப்பை மட்டும் கீறித் திறக்கவும்.